அம்மாவுக்கு இரும்பு ஏற்றுகிறார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். போட்டோ வந்தது. மூக்கு என்னுடையது இல்லை, பிழைத்தாள்.

இதென்ன கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் உன்னிடம் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பணிமனையிலிருந்து பேசினால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும், விஷயம் வராது. அதனால் மதிய இடைவேளையில் டயர் அடுக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் ஆயில் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் மிகவும் குறைந்துபோயிருக்கிறது. கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் மேஜையில் நின்று நூல் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தரியும் கையுமாக அப்படியே சரிந்துவிட்டாள். சூப்பர்வைசர் பெண்தான் வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "காலையில சரியா சாப்பிடல, அவ்வளவுதான். இதுக்குப் போய் உங்கள வேற கூப்பிட்டாங்களா?" என்று என்னையே சமாதானப்படுத்தினாள்.

டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெறும் தாள் நிறம். ரிசல்ட் வந்ததும் என் பக்கம் திரும்பி, "ஹீமோகுளோபின் ஆறுதான் இருக்கு. பன்னெண்டாவது இருக்கணும். இத வச்சிக்கிட்டு இவங்க மூணு மாடி ஏறி இறங்குறாங்களா?" என்றார். ஏறுகிறாள் என்றேன். பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வாள். தினமும் அதே திருப்பத்தில் எப்படிச் செருப்பு கழலும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டியை எடுத்து நறநறவென்று கடிப்பாள். உஷ்ண உடம்பு என்று நினைத்து நானே இன்னொரு ஐஸ் தட்டு வாங்கிப் போட்டேன். இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு அப்படித் தின்னத் தோன்றுமாம். எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவன் என்று பணிமனையில் எனக்குப் பேர். போகட்டும்.

இது பெண்கள் விஷயம், எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் உனக்குப் புரியாது. கர்ப்பப்பையில் கட்டி. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் மாதாமாதம் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. இந்த வயதில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவளாக முடிவு செய்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். இவ்வளவு குறைந்த ரத்தத்தில் மயக்க மருந்து கொடுக்க மாட்டேன் என்று அதற்கான டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் இரும்பு மாத்திரைதான் கொடுத்தார்கள். வயிறு எரிந்தது, மலம் கட்டிக்கொண்டது. சொன்னால் திட்டுவேன் என்று, விழுங்குகிற மாதிரி காட்டிவிட்டு ஜன்னல் வழியே போட்டிருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் மாத்திரையைப் பொறுக்கி வந்து, "உங்க வீட்டு மாத்திரையா பாருங்க, என் பூத்தொட்டியில தினம் ஒண்ணு காய்க்குது" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அதனால் இப்போது நரம்பு வழியாகவே இரும்பு ஏற்றுகிறார்கள். வாரம் ஒரு முறை. மருந்து, கிரீஸ் டப்பாவைக் கழுவிய தண்ணீர் மாதிரி கறுத்த பழுப்பு. கையை அசைக்கக் கூடாது, வெளியே கசிந்தால் தோலில் கறை விழுந்து போகவே போகாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் டிரிப்ஸ் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்துவிட்டது. நெஞ்சை அடைக்கிறது என்றாள். அந்த நேரத்திலும் ஊசி போட்ட கையை மட்டும் பலகை மாதிரி வைத்திருந்தாள். நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தி, பிரஷர் பார்த்து, டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அடைப்பு தானாக விட்டது. சிலருக்கு இப்படி வருமாம், மெதுவாக ஏற்றினால் போதும் என்று மறுபடி சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அவள் மற்றொரு கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று குனிந்தேன். "பையன் கிட்ட சொல்லிடாதீங்க. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவான்" என்றாள்.

விஷயம் இதுதான், தம்பி. மருமகள் வேலைக்குத் திரும்புவதற்குள் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக உன்னிடம் சொல்லிவிட்டாள். பெட்டியும் கட்டியாகிவிட்டது. அதைத் தூக்கிக் கதவோரம் வைக்க முடியாமல் காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனதைப் பார்த்தேன். ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. அது முடிந்து ரத்தம் ஏறச் சில வாரம் ஆகும், அதற்கப்புறம் ஆபரேஷன். இவளோ, "கட்டி எங்கயும் ஓடிடாது, குழந்த வளந்துடும்" என்கிறாள். நான் போகாதே என்றால் பேச்சு வார்த்தையே இல்லை. இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் என்னிடம் பேசுகிறது.

அதனால் நீதான் சொல்ல வேண்டும். உடம்பைக் காரணமாகச் சொல்லாதே, தான் உதவாமல் போனதாக நினைத்து உடைந்துவிடுவாள். மருமகளுக்கு லீவு நீண்டுவிட்டது, மழை முடிந்து வாம்மா என்று ஏதாவது சொல். பொய்தான். பாவம் என் கணக்கில் இருக்கட்டும். உங்கள் இருவருக்கும் அங்கே எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் கேட்கவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வேலைக்கு ஓடுவது எனக்கும் தெரியும். மருமகளிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடு. அவள் புரிந்துகொள்வாள்.

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் அலுப்பு. காலையில் சமையல் என் பொறுப்பு, உப்பு இன்னும் கைக்கு வரவில்லை. நீ அலைந்து திரிந்து வர வேண்டாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் எழுதுகிறேன். அப்போது உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்.

குட்டிப்பெண் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உங்கள் மூவருக்கும் என் ஆசி. இன்னும் ஒன்றே ஒன்று. அவளிடம் பேசும்போது எப்படிம்மா இருக்கே என்று கேள். நல்லா இருக்கேன் என்பாள். உடனே போனை வைத்துவிடாதே. ஒன்றும் பேசாவிட்டாலும் சரி, கொஞ்ச நேரம் அப்படியே இரு.

அன்புடன்,
அப்பா