சீட்டுக்குப் பின்னால் ரேடியேட்டர்

10-3-63, ஞாயிறு காலை

லூர்து,

நீ எழுவதற்குள் நான் மிங்கலா தாங்ஞுன்ட் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பேன். மீன் குழம்பு இருக்கிறது, சுடவைத்துக்கொள்.

நேற்று ஒர்க்‌ஷாப் வாசலில் மரியசூசையை வீல் ஸ்பானரால் அடித்தவன் நான்தான். தாடை உடைந்து, இரண்டு பற்கள் என் காலடியில் விழுந்தன. நீ ஜீப்பின் ரேடியேட்டரைக் கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் மாட்டியதைப் பார்த்து அவன் முதலில், "மூக்கை அறுத்து முதுகுல ஒட்டியிருக்கான் உன் தம்பி" என்றான். நானும் சிரித்தேன். "இவனை உங்கம்மா யாருக்குப் பெத்தாளோ" என்றான். அதற்குத்தான் அடித்தேன்.

போலீஸ் வந்து இழுத்துப் போகிற வீடு நம்முடையது அல்ல. நானே போகிறேன்.

ரேடியேட்டருக்கு இடம் செய்ய ஜீப்பை வெட்டியதற்காகப் போன வாரம் உன்னை அறைந்தேன். அதற்கு வருத்தப்படவில்லை. ஆனால் ரேடியேட்டரைத் தாழ்வாக வைத்திருக்கிறாய். அதன் மூடி எஞ்சினைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாயில் காற்று அடைத்துத் தண்ணீர் கொதிக்கும். இன்றே தூக்கி மாட்டு.

அண்ணியைப் பூசைக்குக் கூட்டிப் போ. யார் கேட்டாலும் இருவரும் தலை குனியக் கூடாது.

ஆபிரகாம்

பி.கு.: ரத்தம் பட்ட லுங்கி குளியலறையில் கிடக்கிறது. அண்ணி பார்க்குமுன் எரித்துவிடு.

இன்னொன்று: என்னை ஜாமீனில் எடுக்க ரிக்‌ஷாவில் வராதே. அந்த ஜீப்பிலேயே, மரியசூசை வீட்டு வழியாக, மெதுவாக ஓட்டி வா. அந்த வாசலில் மட்டும் அது கொதித்து நிற்கக் கூடாது.