டி போட்ட கட்டு

மார்ச் 4, செவ்வாய்

நான் சொல்கிறேன், மகள் அன்புக்கரசி எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. மனசில் இருப்பதைத் தினமும் அவள் காதில் கொட்டுவதற்குப் பதில், நோட்டில் கொட்டலாமே என்கிறாள். சரி.

மந்தைவெளியில் காய் வாங்கித் திரும்பும்போது எங்கள் வார்டு ஆபீஸ் வாசலில் லாரி நின்றது. ரெக்கார்டு ரூம் கட்டுகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாளவிகா என்று ஓர் அம்மா, மேலிடத்திலிருந்து வந்தவராம். பழைய காகிதங்களைப் பாதுகாக்கக் கொண்டுபோகிறோம், கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறோம் என்றார். பாதுகாக்கிற பொருளை எவன் வெளியே எடுத்துப் போடுவான்? அதுவும் இந்த நேரத்தில்?

அடுத்த மாதம் கால்வாய்க் கரையில் வீடுகளைக் கணக்கெடுக்க வருகிறார்கள். நேற்று வந்து குடிசை போட்டவர்கள் என்று எழுதிவிட்டால், எங்கள் கிளிஞ்சல்மேடு முழுவதையும் ஊருக்கு வெளியே அள்ளிப் போட்டுவிடுவார்கள். நாங்கள் பழைய ஆட்கள் என்பதற்கு இருக்கிற ஒரே காகிதம், எழுபத்தி நாலில் குழாய் போட்ட ஆர்டர். முதலில் துருத் தண்ணீர்தான் வந்தது. பெண்கள் குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அந்த ஆர்டர் அந்த ரூமில்தான் இருக்கிறது. இருந்தது?

மார்ச் 6, வியாழன்

கிளார்க் சுப்பராமனைப் பிடித்துக் கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "கிளிஞ்சல்மேடு குழாய் ஃபைலா? அது எப்பவோ டிஸ் ஆயிடுச்சே பெரியவரே."

டிஸ். பியூனை வேலையை விட்டுத் துரத்தினால் டிஸ்மிஸ் என்பார்கள். ஃபைலையே துரத்திட்டானுங்களா?

மார்ச் 7, வெள்ளி

அன்பு நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாளா என்று கேட்டேன். அப்படியே எழுதுவதாக இங்கே எழுதியிருக்கிறாளாம்.

மார்ச் 10, திங்கள்

இன்று லாரி கிளம்பும் என்று தெரிந்து, நானும் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியும் இன்னும் சில பெண்களும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். "அடி நைனா, நல்லா அடி. எங்க ஊட்டு கல்யாணத்துக்கு மோளம் கொறையுது" என்றாள் மேரி.

மாளவிகா இறங்கி வந்தார். கோபப்படவில்லை. எங்கள் கட்டைத் தேடி எடுத்து அங்கேயே பிரித்தார். மேரி எட்டிப் பார்த்தாள். "டிஸ்னுதான் போட்டு கீது பெரிப்பா."

பிறகுதான் அந்த அம்மா விளக்கினார். வேலை முடிந்த ஃபைல் எல்லாமே டிஸ்தானாம். முன்னால் நிற்கிற இங்கிலீஷ் எழுத்தில்தான் விஷயம். ஆர் என்றால் என்றைக்கும் வைத்திருக்க வேண்டும். டி என்றால் பத்து வருஷம் கழித்து அழித்துவிடலாம்.

"எங்களுது இன்னாம்மா?"

அவர் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "டி" என்றார்.

அப்படியானால் எப்போதோ எரித்திருக்க வேண்டும். ஏன் எரிக்கவில்லை? சுப்பராமனும் சரி, அவருக்கு முன்னால் இருந்தவர்களும் சரி, அந்த ரூமைத் திறந்ததே இல்லையாம். "யாரு அந்தத் தூசில போவா?" என்றார் சுப்பராமன். இந்த ஆபீஸில் எவனும் வேலை செய்வதில்லை என்று எத்தனை தடவை வாசலில் நின்று திட்டியிருக்கிறேன்.

இப்போது வேலை செய்கிறவர் வந்துவிட்டார். ஆர் கட்டுகளுக்குத்தான் கம்ப்யூட்டர். டி கட்டுகள் எல்லாம் கூழாக்கும் மில்லுக்கு. எங்கள் கட்டை மட்டும் லாரியில் ஏற்றாமல் தன் மேஜை மேல் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எழுந்தோம். மேஜை மேல் என்றால் எத்தனை நாளைக்கு?

மார்ச் 12, புதன்

மாளவிகா வீட்டுக்கே வந்தார். இந்த ஃபைல் தேவை என்று ஊர்க்காரர் ஒருவர் மனு கொடுத்தால், டி-யை ஆர் ஆக மாற்றச் சொல்லி மேலே அனுப்புவாராம். மனுவையும் கையோடு அடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இதுதான் ஆகாது எனக்கு. அரிசி தருகிறோம் என்றவர்களுக்கு என் தம்பி கைநாட்டு வைத்தான். வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இப்போது எங்கோ எட்டாவது மாடியில் இருக்கிறான், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்.

அன்பு மனுவைப் படித்துக் காட்டினாள். மனசு ஒப்பவில்லை — அந்த அம்மாவும் இவளும் டீ குடித்துக்கொண்டே சிரித்துப் பேசினார்களே. மேரியைக் கூப்பிட்டுத் தனியாகப் படிக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

"பூனை ஒண்ணுதான் நைனா படிக்கல. அதையும் கூப்டு" என்றாள் அன்பு.

கைநாட்டு வைத்தேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. கட்டும் மேஜை மேல் இல்லை. மேலே போயிருக்கிறது என்கிறார் சுப்பராமன். மேலே என்றால் எங்கே?

ஏப்ரல் 9, புதன்

கணக்கெடுக்க வந்தார்கள். கண்ணாடி போட்டவர் கையில் இருந்த கம்ப்யூட்டர் பலகையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அவரே வாய்விட்டுப் படித்தார்: கிளிஞ்சல்மேடு, பொதுக் குழாய், எழுபத்தி நாலு. பழைய குடியிருப்பு என்று குறித்துக்கொண்டார். மேரி அழுதாள். நான் அவர் போகும்வரை கூடவே நடந்தேன், வழியில் மாற்றி எழுதுகிறாரா என்று பார்க்க.

ஏப்ரல் 24, வியாழன்

கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடுகளைக் காலி செய்கிறார்கள். அது வேறு வார்டு, வேறு ஆபீஸ். பாலத்தைத் தாண்டிப் போனேன். எங்களுக்குக் குழாய் போட்ட அதே மாசம்தான் அவர்களுக்கும் போட்டார்கள், திறந்த அன்று கொடுத்த சுண்டலை நானே தின்றேன். இதைப் போலீஸ்காரரிடம் சொன்னேன். அவரிடம் சொல்லி என்ன ஆகும்?

அந்தக் கரைத் தணிகாசலம் அண்டாவைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். ஒரே வயசு எங்களுக்கு. உங்கள் ஃபைல் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"எங்க ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு இருந்தாராம்பா. ரொம்ப கரெக்டான மனுசனாம். பத்து வருசம் முடிஞ்சதும் எரிச்சிட்டாரு."

நான் அண்டாவின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன்.