செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

ஆனையூர், மதுரை.
ஆனி 18, புதன்கிழமை.

அன்பு மகள் சுபலட்சுமிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி அருள்பாண்டியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பவதாரிணியும், உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மீனாட்சியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் இந்தப் பக்கம் உன் அப்பா தலையை நீட்டுகிறார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை நடமாடுகிறார், நடுவில் குழந்தை பொம்மையைக் காட்டுகிறது, மனதில் இருப்பதைச் சொல்ல இடமே இல்லை. அருள்பாண்டியின் சிநேகிதன் அடுத்த வாரம் மெல்போர்ன் வருகிறான், அவன் கையில் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி, மாப்பிள்ளையிடம் காட்டாதே, அவருடைய அம்மாவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் மாமியார் மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, மூன்று வருஷமாக இருக்கிறது. பவதாரிணி பிறந்தபோது நான்தான் வந்திருக்க வேண்டும், தலைப்பிரசவத்தைப் பெற்றவள் பார்ப்பதுதான் நம் பக்கத்து முறை. விசா வாங்கி, பிரசவ லேகியம் கிண்டி, பழைய வேட்டியெல்லாம் துவைத்துக் கிழித்துப் பெட்டியில் அடுக்கிய பிறகு மாடிப்படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டேன். ஆபரேஷன், படுக்கை, சுவரைப் பிடித்து நடை என்று ஆறு மாதம் போய்விட்டது. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் மாமியார் பாண்டீஸ்வரி மதினிதான் விமானம் ஏறினார், நான் கிண்டிய லேகியத்தை அவர்தான் உனக்கு உருட்டிக் கொடுத்தார். சரி, அது என் விதி. போன வருஷம் நீ வேலைக்குத் திரும்பியபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள மறுபடியும் அவரைத்தான் கூப்பிட்டாய். உனக்குக் கால் வலிக்கும், குளிர் தாங்காது என்று எனக்குச் சமாதானம் சொன்னாய். என் காலைப் பற்றி எனக்கல்லவா தெரியும். பவதாரிணி அவரை அப்பத்தா என்கிறது, என்னை போன் அம்மாச்சி என்கிறது. நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன், போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அதற்கு மேல்தான் உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காப் படங்கள் வந்தன. ஏரிக்கரையில் மதினி, கறுப்பு அன்னத்துக்குப் பக்கத்தில் மதினி, வீடு உயரத்துக்கு நிற்கும் பெரணிச் செடிக்குக் கீழே மதினி, கறுப்புக் கண்ணாடி வேறு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை எடுத்து அனுப்பிய அந்தக் குட்டி வீடியோ இருக்கிறதே, அதில் மதினி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், நீ தரையில் மண்டி போட்டு அவருடைய ஷூக் கயிற்றைக் கட்டிவிடுகிறாய், கட்டிவிட்டு அவர் காலில் லேசாக ஒரு தட்டு தட்டுகிறாய். நான் ஜென்மத்தில் கயிறு வைத்த ஷூ போட்டதில்லை. அந்த வீடியோவை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று உன் அப்பாவுக்குத்தான் தெரியும். அவர் என்னிடமிருந்து போனைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எதுக்குடி திரும்பத் திரும்பப் பாத்து வயிறெரியுற என்று கேட்டார்.

அந்த வாரமே நானும் பூங்காவுக்குப் போனேன். நம் ஆனையூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம், கண்மாயை ஒட்டிப் புதிதாகத் திறந்திருக்கிறார்களே தாவரவியல் பூங்கா, அதற்குத்தான். அருள்பாண்டியை வற்புறுத்திக் கூட்டிப்போய் வாசலில் நின்று ஒரு படம், கண்ணாடி வீட்டுக்குள் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கண்ணாடி வீட்டுக்குள் என்ன இருந்தது தெரியுமா, கள்ளிச்செடி. நம் தோட்டத்து வரப்பில் வெட்டிப் போட்டாலும் சாகாத கள்ளிக்கு இங்கே ஒரு மாளிகை. அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன், நீ ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டாய். மதினி படத்துக்கு ஏழு இதயம் போட்டிருந்தாய், நான் எண்ணினேன்.

அந்தப் பூங்காவின் கடைசியில் நட்சத்திர வனம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு மரம், முன்னால் ஒரு சின்னத் தகரப் பலகை. அவரவர் நட்சத்திர மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று சுற்றுச் சுற்றினால் அந்த நட்சத்திரக்காரருக்கு நல்லது என்று ஜனம் வருகிறது. உன் சதயத்தைத் தேடினேன். ஐப்பசி மழைக்காற்றில் சில பலகைகள் பெயர்ந்து கிடந்தன, சதயமும் அனுஷமும் அடுத்தடுத்துச் சேற்றில் குப்புற விழுந்திருந்தன. அங்கே இரண்டு கன்றுகள் நின்றன, ஒன்று மகிழங்கன்று, இலையெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் மினுமினு என்று இருந்தது. இன்னொன்று கடம்பு, பைப் தண்ணீர் எட்டாத மூலையில் நாலு இலையோடு நோஞ்சானாக நின்றது. எந்த நட்சத்திரத்துக்கு எந்த மரம் என்று எனக்கென்ன தெரியும், யாரையாவது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. என் மகளுக்கு நோஞ்சான் மரமா இருக்கும் என்று சதயம் பலகையை எடுத்து மகிழத்துக்கு முன்னால் ஊன்றினேன், அனுஷத்தைக் கடம்புக்கு முன்னால் ஊன்றி, மேலே கல்லை வைத்து இறுக்கிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் இரண்டு பாட்டில் சுமந்துபோய் மகிழத்துக்கு ஊற்றிவிட்டு, கால் இழுக்க இழுக்க மூன்று சுற்றுச் சுற்றினேன். பங்குனியில் நீ உண்டாகியிருக்கிறாய் என்று சேதி வந்ததே, அது நான் ஊற்றிய தண்ணீரின் பலன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி தையில் திரும்பி வந்தார் அல்லவா, மாசியில் நம் வீட்டுக்கு வந்து நீ கொடுத்துவிட்ட சாமான்களை எல்லாம் கொடுத்தார். வந்ததிலிருந்து அந்த ஊர்ப் பூங்காவின் பேச்சுதான், புல்லில் நடக்கலாம், குப்பையே கிடையாது, சுபா அந்தப் பூவுக்குப் பெயர் சொன்னாள், இந்த மரத்தடியில் தயிர்சாதம் சாப்பிட்டோம் என்று. எனக்குப் பொறுக்கவில்லை, எங்க ஊர்லயும் பூங்கா இருக்கு மதினி வாங்க என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ வாங்கிக் கொடுத்த அதே ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். நட்சத்திர வனத்தில் நிறுத்தி, இதுதான் நம்ம சுபாவோட மரம், நாலு மாசமா நான்தான் தண்ணி ஊத்துறேன் என்று மகிழத்தைக் காட்டினேன். மதினி பலகையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அடுத்த பலகையையும் பார்த்தார். நான் அனுஷந்தான் மதினி என்றார். எனக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது, உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. என் மகள் மரம் தளதள என்று நிற்கிறது, அவர் மரம் குச்சியாக நிற்கிறது. பாவம், வெயில் ஜாஸ்தி என்று வாயால் சொன்னேன். அவர் தன் பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கடம்புக்கு முழுதாக ஊற்றிவிட்டு வந்தார்.

வைகாசியில் நீ ஒரு வார்த்தை கேட்டாய், நினைவிருக்கும். அம்மா, இந்தப் பிரசவத்துக்கும் அத்தையே வரட்டுமா, அவங்களுக்கு இங்கே எல்லாம் பழகிப்போச்சு என்று கேட்டாய். நானும் அதற்கென்ன, வரட்டும் என்றேன். நீயும் அப்பாடா என்று மூச்சு விட்டாய், அந்த மூச்சு எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் இருந்து என் கையால் ஒரு பேரப்பிள்ளையைக்கூடக் குளிப்பாட்டாமல் போய்விடுவேனோ என்ற பயந்தான், வேறொன்றும் இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றப் போனேன். மகிழத்தைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காதவள் அன்றுதான் பக்கத்தில் கவனித்தேன். அந்த நோஞ்சான் கடம்பு என் இடுப்புக்கு வளர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டு நிற்கிறது. தோட்டக்காரர் மொக்கைச்சாமியைக் கூப்பிட்டு, இதுக்கு என்ன உரம் போட்டீங்க அண்ணே என்று கேட்டேன். நான் எங்கத்தா போட்டேன், ஒங்க சம்பந்தி டீச்சரம்மா செவ்வாக்கெழம தவறாம பழங்காநத்தத்துலருந்து வந்து தண்ணி ஊத்திட்டுப் போறாக என்றார். அதோடு விட்டாரா, பலகை மாறிக் கிடக்கு, சதயத்துக்குக் கடம்புதான், மகிழம் அனுஷத்துக்கு உள்ளதுன்னு மொத நாளே சொல்லிட்டாக, நான் மாத்தப் போனேன், வேணாம், சம்பந்தி அம்புட்டு ஆசையா ஊத்துது, மனசு சங்கடப்படும், கடம்பு எம் மருமகளோடது, அதை நான் பாத்துக்கிறேன்னு தடுத்துட்டாக என்று முழுதும் சொன்னார். கேட்டாயா சுபா. எட்டு மாதமாக நான் சுமந்து ஊற்றிய தண்ணீர் எல்லாம் மதினியின் மரத்துக்குப் போயிருக்கிறது. என் மகள் மரத்துக்கு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறி வந்து, அவர் ஊற்றியிருக்கிறார். அங்கேயும் அவர், இங்கேயும் அவர். நன்றி தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை, வயிறுதான் இன்னும் எரிந்தது.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. கேட்டுவிடுவது என்று காலையிலேயே போய் மூங்கில் புதரை ஒட்டி நின்றேன். பத்து மணி வெயிலில் மதினி வந்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பாட்டிலையும் கடம்புக்கு ஊற்றினார். சுற்ற ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார், ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்து மண்ணில் இழுபடுகிறது. குனிந்து பார்க்கிறார், இடுப்பு வளையவில்லை, மரத்தைப் பிடிக்கலாம் என்றால் அது கன்று, கையை நீட்டிவிட்டு எங்கே ஒடிந்துவிடுமோ என்று இழுத்துக்கொண்டார். சண்டை போட வந்தவள் நான், ஆனால் அதற்கு மேல் மறைந்து நிற்க முடியவில்லை. போய் அப்படியே தரையில் உட்கார்ந்தேன், எனக்கு மண்டி போட வராது, காலை நீட்டி உட்கார்ந்துதான் அந்தக் கயிற்றைக் கட்டினேன். ஷூவுக்கு எப்படி முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை, கன்றுக்குட்டிக்குப் போடும் முடிச்சைத்தான் போட்டேன், வீட்டுக்குப் போய் அவிழ்க்கப் படாத பாடு பட்டிருப்பார்.

என்னைத் தூக்கிவிட மொக்கைச்சாமி வரவேண்டியதாயிற்று. பிறகு இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். எல்லாம் தெரிஞ்சும் ஏன் மதினி சொல்லல, எனக்கு ஒங்க மேல எம்புட்டு வயித்தெரிச்சல் தெரியுமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு மட்டும் எரியாதா மதினி, அங்க இருந்த ஆறு மாசமும் ஒங்க மக என் குழம்பை வாயில வச்சதும் எங்கம்மா வச்சா இப்படி இருக்காதுன்னு ஒரு தடவையாவது சொல்லாம விட்டுச்சா, பக்குவம் பாத்து நான் என்ன செஞ்சாலும் போனுல ஒங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிடும் என்றார். நீ என்னிடம் பக்குவம் கேட்டதுண்டு, என் குழம்பைப் பற்றி இப்படி ஒரு நாளும் சொன்னதில்லையே சுபா. கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம், அதை அவருக்கு முன்னால் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பாடுபட்டேன். அவர் கண்டுபிடித்திருப்பார், டீச்சர் அல்லவா.

பலகைகளை நேற்றே மாற்றி ஊன்றிவிட்டோம், அவர் பிடித்துக்கொண்டார், நான் கல்லால் தட்டினேன். மகிழத்தை நான் இனி விட்டுவிட முடியாது, எட்டு மாதம் பழகிவிட்டது, அதற்கும் வெள்ளிக்கிழமை ஊற்றத்தான் செய்வேன். ஆனால் ஐப்பசிக்கு நான்தான் வருவேன், இதில் பேச்சே இல்லை. வைகாசியில் வரட்டும் என்று சொன்னது என் வாய்தான், அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டேன், தாராளமாகப் போகலாம் என்கிறார். குளிருக்கு உன் அப்பாவின் மங்கி குல்லாய் இருக்கிறது. நான் அங்கே இருக்கும் ஆறு மாதமும் வெள்ளியும் செவ்வாயும் இரண்டு மரத்துக்கும் மதினிதான் ஊற்ற வேண்டும். அதை நீ கேள், நான் கேட்க மாட்டேன், நீ கேட்டால் அவர் தட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதுவும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே, பவதாரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறாதே. சிநேகிதன் வந்ததும் பொடியை டப்பாவில் மாற்றிவிடு, காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். மகிழம்பூ நாலு வைக்க ஆசைப்பட்டேன், விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று தம்பி சொன்னதால் வைக்கவில்லை. உன் கடம்பைப் போல் நீயும் தழைத்து, மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பற்றி மதினியிடம் மூச்சு விடாதே.

ஒன்று மறக்காதே. நான் வருவதற்குள் எனக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வை, அளவு ஏழு. பிள்ளை பிறந்து உனக்கு உடம்பு தேறியதும் அந்த ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போகலாம். ஒட்டுகிற பட்டை வைத்தது வேண்டாம், கயிறு கட்டுகிறதுதான் வேண்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
கா. அன்னக்கொடி