அம்மாவின் மூன்று நிமிடம்

கிரீன்வில்
செப்டம்பர் 22

அன்பு மகள் தமேக்காவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. அங்கே நீயும் மாப்பிள்ளை டெவானும் அமாரிக் குட்டியும் மார்ச் மாதம் வரப்போகிற அந்தப் பெயரில்லாத ஆளும் சுகம்தானே. டகோமாவில் மழை விட்டதா என்று கேட்கமாட்டேன், விட்டிருந்தால் நீயே போட்டோ அனுப்பியிருப்பாய். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று அம்மா போனில் கத்தியிருப்பாள், ஆனால் எப்படிக் கிடைத்தது என்பதை அவள் வாயால் கேட்டால் பழி முழுக்க என் தலையில்தான் விழும். பழி என்னுடையதுதான், ஆனாலும் அதை நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

உனக்குத்தான் தெரியுமே, பிரசவிக்கிற பெண்ணின் பக்கத்திலேயே இருந்து அவளைத் தேற்றி அவளுக்காக நாலு வார்த்தை பேசுகிற டூலா வேலை, அதைப் படிக்கிற கறுப்பினப் பெண்களுக்கு ஒரு சங்கம் வருஷாவருஷம் உதவித்தொகை தருகிறது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள் இனி வீட்டில் காலை நீட்டி உட்காருவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் விண்ணப்பத்தை நீட்டினாள். எல்லாம் எழுதியாயிற்று, கடைசியில் ஒரு வீடியோ மட்டும் பாக்கி. ‘நான் ஏன் இந்தப் பயிற்சிக்கு வருகிறேன்’ என்று மூன்று நிமிடம் பேச வேண்டும், அதற்கு மேல் ஒரு நொடி போனாலும் அதுவே வெட்டிவிடும். அம்மா ஊதா உடுப்பும் ஈஸ்டர் தொப்பியும் போட்டுக்கொண்டு குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றாள், போனைப் பிடித்தது நான்.

நம் ஆட்களை எழுந்து நின்று பேசச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். சபையில் சாட்சி சொல்கிற மாதிரியே ஆரம்பித்தாள். கர்த்தருக்குக் கனம், போதகர் ஹோல்டுக்கும் அவர் துணைவியாருக்கும் வணக்கம், சபைப் பணி பார்க்கிற என்னைப் போன்ற டீக்கன்மாருக்கும் அன்னையர் குழுவுக்கும் பாடகர் குழுவுக்கும் நன்றி. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். நான் சும்மா இருக்காமல் போனுக்குப் பின்னாலிருந்து, “வெர்னெல், வாசல்ல நிக்கிறவங்களை விட்டுட்டியே, நாளைக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்குவே” என்றேன். வாசல் ஊழியர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கடைசியாக, “என் பெயர் வெர்னெல் பிரிவிட், நான் இங்க வந்தது எதுக்குன்னா” என்றாள், அங்கே வெட்டிக்கொண்டது. நானோ மூன்று நிமிடமும் நிறைந்துவிட்ட பெருமையில் கண் கலங்கி, திரும்பப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, சபை வாசலில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டும்போதுதான், வந்த காரணத்தை அதில் சொல்லவே இல்லை என்று எங்களுக்கே விளங்கியது. ஒருவருக்கு ஒரு வீடியோதான், கெடுவும் முந்தின நாளே முடிந்துவிட்டது. அம்மா தொப்பியைக் கழற்றினாள். “டீக்கனாரே, பிரசவ வலியில துடிக்கிறவகிட்டயும் மொதல்ல போதகர் பேரைச் சொல்லு, அப்புறம் முக்குன்னுதான் சொல்லுவீங்க” என்றாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் என்னோடு பேச்சில்லை. வெள்ளிக்கிழமை மீன் பொரித்தாள், காரச் சாஸ் பாட்டிலை ஒளித்துவைத்துவிட்டாள். தேநீரில் சர்க்கரை இல்லை. நானும் அப்படியே குடித்தேன்.

அவள் ஏன் அவ்வளவு வேதனைப்பட்டாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை மகளே. இந்தப் பயிற்சி அக்டோபரில் தொடங்கி பிப்ரவரியில் முடிகிறது, உனக்கு நாள் மார்ச்சில். அமாரி பிறந்த அன்றைக்குத் தலை வெடிக்கிறது என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஆஸ்பத்திரி நர்சுகள் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள், உனக்கு வலிப்பு வந்த பிறகுதான் ஓடி வந்தார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். டீக்கன் என்று பெயர், ஒரு ஜெபம் வாயில் வரவில்லை. அந்த நாளைப் பற்றி நானும் அம்மாவும் இந்த நாலு வருஷத்தில் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

போன செவ்வாய் காலை நான் பாத்திரத் தொட்டிக்குக் கீழே படுத்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன், போன் அடித்தது. அம்மா கையில் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். சங்கத்திலிருந்து லார்க்கின் என்று ஒரு பெண்மணி. “அம்மா, உங்க வீடியோவ நாங்க நாலு பேர் சேர்ந்து பார்த்தோம். நாலு பேருமே சபையில வளர்ந்தவங்கதான். வாசல் ஊழியர் வரைக்கும் நீங்க வந்ததும் ஒருத்தி எழுந்து நின்னு ஆமென் சொல்லிட்டா. அது சரி, பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சே, அது யாரு?” என்றார். நான் எழுந்த வேகத்தில் தலை தொட்டியில் இடித்தது, அந்தச் சத்தமே பதிலாகிவிட்டது. அவர் சிரித்துவிட்டு, “கனமெல்லாம் கொடுத்தாச்சு, இப்ப மிச்சத்தைச் சொல்லுங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க” என்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். “எம் பொண்ணு தலை வலிக்குதுன்னு மூணு தடவை சொன்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன், கைப்பையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிட்டு நின்னேன், என்ன கேக்கணும்னு தெரியல. இனிமே எந்தப் பொண்ணுக்குப் பக்கத்துல நின்னாலும் தெரிஞ்சவளா நிக்கணும். அவ்வளவுதான்” என்றாள். மொத்தம் இருபது நொடி இருக்கும். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், பிறகு, உங்களுக்குத்தான் அம்மா, படிப்பு புத்தகம் பயணம் எல்லாம் எங்கள் பொறுப்பு என்ற குரல். அம்மா அழுதாள், நான் இந்த முழங்காலோடு அடுப்படியில் ஆடினேன், குழாய் அதுபாட்டுக்கு ஒழுகியது. மத்தியானம் காரச் சாஸ் மேஜைக்குத் திரும்பி வந்தது.

இன்று காலை சபையில் சாட்சி சொல்ல எழுந்தாள். போதகர் தன் பெயர் வருமென்று தலையசைக்கத் தயாராக இருந்தார். அம்மா, “எனக்குக் கிடைச்சிருச்சு” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். சபையே சிரித்தது, போதகர் மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். இப்போது வீட்டில், பிரசவ வலியில் இருப்பவர்கள் உட்காருகிற பெரிய ரப்பர் பந்து ஒன்று வந்திருக்கிறது. என்னை அதில் உட்காரவைத்து இடுப்பைத் தேய்த்துவிட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்கிறாள், முழங்கால் என்றால் கோபம் வருகிறது.

நீ தண்ணீர் நிறையக் குடி, உப்பைக் குறை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை அலமாரியில் அழகுக்கு வைக்காதே. தலை லேசாக வலித்தாலும் மாப்பிள்ளையிடம் சொல், டாக்டரிடம் சொல், அவர் கேட்காவிட்டால் மறுபடியும் சொல். பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்க மூன்று பிரசவத்துக்குத் துணை நிற்க வேண்டுமாம், அதற்கும் ஒரு படிவம். முதல் இரண்டு வரியும் காலி. மூன்றாவது வரியில் உன் பெயரை மையால் எழுதிவிட்டாள், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கர்த்தர் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காப்பாராக. டாக்டர் சொன்ன தேதியை மறக்காமல் எழுதி அனுப்பு, டிக்கெட் வாங்க வேண்டும். அம்மா அந்தக் கைப்பையைத் தன் தங்கைக்குக் கொடுத்துவிட்டு முதுகில் மாட்டுகிற பை ஒன்று வாங்கியிருக்கிறாள். அங்கே வரும்போது இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டுமாம்.

என்றும் உன் அன்பு அப்பா,
ஓடெல் பிரிவிட்