எட்டு மாதப் பிள்ளையின் தாத்தாவுக்கு

அன்புள்ள ஜட்கா வண்டித் தாத்தாவுக்கு,

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில், உங்கள் குதிரை நின்ற இடத்தில் இப்போது ஆட்டோக்கள் நிற்கின்றன. அந்த ஆட்டோக்காரர்களோடு நான் போடாத சண்டை இல்லை. "ஒங் கோவத்த வண்டியில பூட்டுனா குதிரையே வாணாம்டி" என்று கேலி செய்வீர்களே, அந்தக் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்ததை நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, நானே பார்த்ததுபோல் ஆகிவிட்டது. உங்கள் மகன் ராணுவத்திலிருந்து லீவில் வந்துபோன எட்டாம் மாதம் நான் பிறந்தேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, இது என் பிள்ளை இல்லை என்று கடிதம் போட்டார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். எனக்கு இரண்டு வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மாமாவுக்கோ ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள்.

பேத்தியை எங்களிடம் கொடுங்கள் என்று நீங்களும் ஆயாவும் கடலூர் கோர்ட்டில் மனுப் போட்டீர்கள். அங்கேதான் சிக்கல். மகன் அப்பா இல்லையென்றால் நீங்கள் தாத்தா இல்லை. என்னை வாங்க வேண்டுமானால், பெற்ற பிள்ளை சொல்வது பொய் என்று நாலு பேர் முன்னால் சொல்லியாக வேண்டும். எப்படித் தாத்தா துணிந்தீர்கள்? அன்று காலையில் சாப்பிட்டுவிட்டாவது போனீர்களா?

உங்கள் மகன் கூண்டில் ஏறி, "எட்டு மாசத்துல எப்பிடிங்க புள்ள பொறக்கும்? யாரு வேணா தூக்கிட்டுப் போவட்டும்" என்றாராம். ஜட்ஜ் உங்களைப் பார்த்தாராம். நீங்கள் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டீர்கள்.

"சாமி, இவனே எட்டு மாசத்துல பொறந்தவந்தான். இவனப் பெத்தவ இதோ நிக்கிறா, கேட்டுக்குங்க. நான் அன்னிக்கி வெரலு வுட்டு எண்ணல."

கோர்ட்டே சிரித்ததாம். ஆயா மட்டும் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாளாம். "அவன் அப்பன் இல்லேன்னு சொல்லிக்கட்டும் சாமி, நான் தாத்தா இல்லேன்னு சொல்லலியே" என்று அதற்கு மேலும் ஒன்று போட்டீர்கள். மாமாவும் சம்மதம் எழுதிக் கொடுக்க, என்னை உங்களிடம் ஒப்படைத்தார்கள்.

சிதம்பரத்திலிருந்து வரும்போது ரயிலில் உங்கள் சலவை வேட்டியில் நான் வாந்தி எடுத்ததையும், திருவந்திபுரத்தில் எனக்கு மொட்டை போட்டவரின் கையைக் கடித்ததையும் ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கினீர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஜட்காவில் வந்து இறங்கிய ஒரே பெண் நான்தான். உன்மேல் குதிரை வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்து உங்கள் முதுகில் சாய்ந்துகொண்டு வந்த அந்தக் காலை நேரங்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. நீங்கள் இறந்த அன்று உங்கள் மகன் வந்தார். இரண்டாம் தாரமும் அவளுக்குப் பிறந்த மகனும் கூட வந்தார்கள். "பேரப்புள்ளைங்கள்ளாம் நெய்ப்பந்தம் புடிக்க வாங்க" என்று கூப்பிட்டதும், ஒன்பது வயதுப் பெண் நான் ஓடினேன். பங்காளி ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இரும்மா. அவன ஒரு வார்த்த கேட்டுக்குவோம்."

எல்லாரும் உங்கள் மகனைப் பார்த்தார்கள். நீங்கள் கோர்ட்டில் வாங்கிக் கொடுத்ததை அந்த வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தேன். ஈர வேட்டியோடு நின்றிருந்த அவர், தன் மகன் கையிலிருந்த பந்தத்தில் இன்னொன்றைக் கொளுத்தி என்னிடம் நீட்டினார்.

"புடி. பாத்து, கையச் சுட்டுறப்போவுது."

அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். அதைக் கேட்க நீங்கள் இல்லையே என்றுதான் அழுதேன். எல்லாரும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு என்னைத் தேற்றினார்கள்.

போன வாரம் அவருடைய மகன் கடிதம் போட்டிருக்கிறான். 'அக்கா' என்று ஆரம்பித்திருக்கிறான். அவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மாவுக்கு யார் தாத்தா பதில் சொல்வது? எனக்குக் கோபம் தீரவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கோர்ட்டுப் பேச்சை எடுக்க மாட்டேன். அந்த வீட்டு வாசலில் நீ யாரென்று எவர் கேட்டாலும் தலை குனியாமல் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மகன் வயிற்றுப் பேத்தி,
செல்லக்கிளி