இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

தம்மாம், 1994

அன்புள்ள ஷஃபீகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் இருமல் நின்றதா?

தம்பி தாவூது டவுணில் தொகுத்து வெளியிட்ட கல்யாணப் பாட்டு கேசட் வந்தது. நான் கொதித்துப் போயிருக்கிறேன் என்று அவனிடம் சொல். இரண்டாம் பக்கக் கடைசியில் உன் பாட்டின் பாதியிலேயே டேப் தீர்ந்துவிட்டது. அவன் கம்பெனி விளம்பரத்துக்கு மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே இடமிருக்கிறது! “என்ன வே, உம்ம வீட்டம்மா பாட்டை முழுங்கிட்டானே!” என்று அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். தொகுப்பென்றால் கூப்பிட்டவர்களைப் பாடி முடிக்கவாவது விட வேண்டாமா?

முழுப் பாட்டையும் நீயே பதிந்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு, இங்கே வரப்போகும் சல்மானிடம் கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. சல்மான் வந்து சேரும்வரை, உன் குரல் அறுகிற இடம் வருமுன் நானே டேப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

உன்
பீர் மைதீன்