தோணி ஊறுகிறது

கிட்ட வந்து இருங்கள், ஒரு கதை இருக்கிறது. கிண்ணியாவில் ஒருவர், மாதக்கணக்காக வெயிலில் காய்ந்த தோணியை நேற்றுக் கடலில் இறக்கினார். பலகை இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிட்டது. "தண்ணி இறைக்கிற பம்ப் இல்லாம ஏலாது. உன்ர தையல் மெசினைக் குடுத்து மாத்துவம்" என்றார்.

"மரம் ஊறினா இடுக்கு மூடும்" என்றாள் மனைவி அசனா.

"ஓம், தைக்கிறவ தோணியும் கட்டுவாவாம்!" என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

விடிந்ததும் அசனா கல் ஏற்றித் தோணியைக் கரையோரத் தண்ணீரில் தாழ்த்திவிட்டாள். நீங்கள் எழும்பிப் பார்த்துத் தோணி களவு போனதென்று கத்தாதீர்கள். நாளைக்குத் தூக்கிப் பாருங்கள்.

குசினியில் இடியப்பமும் சொதியும் மூடியிருக்கின்றன.

பி.கு.: மெசினைத் தேடாதீர்கள். அது அசனாவோடு அவள் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போகிறது. நாளையும் ஒழுகினால் அவளே கொண்டுவந்து தருவாள். அல்லாஹ் இந்த வீட்டுக்குப் பறக்கத்தையும் செழிப்பையும், இதை வாசிக்கிறவருக்கு நல்ல சிரிப்பையும் தரட்டும்.